கிசுகிசுத்துப் படித்த ஆங்கிலம்

ஆங்கிலம் என்பது மெதுவாகப் பேச வேண்டிய மொழி என்று ஆறு வயது வரைக்கும் நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். தமிழை எவ்வளவு வேண்டுமானாலும் கத்திப் பேசலாம். மலாய் மொழி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சண்டை போடுவதற்கு. ஆங்கிலத்தை மட்டும் சமையலறையில், ஐஸ் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து, மூச்சோடு மூச்சாக வெளியே விட வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. மற்ற வீடுகளிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

எல்லாம் அப்பாவின் தூக்கத்தால் வந்தது. அப்பாவுக்குக் கூலிம் தொழிற்பேட்டையில் வேலை. இரவு ஷிப்ட் என்றால் மாலை ஏழு மணிக்கு உள்ளே போய்க் காலை ஏழு மணிக்குத்தான் வெளியே வருவார். கம்பெனி பஸ் எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் அவரை இறக்கிவிடும்போது எட்டு மணி நெருங்கியிருக்கும். பசியாறிவிட்டுப் படுத்தாரென்றால் பிற்பகல் வரை எங்கள் வீட்டில் அம்மாவின் சட்டம்தான். தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் படம் மட்டும் ஓடும். குக்கர் அடுப்பில் ஏறாது. விசில் அடிக்கும் என்பதால் பருப்பைத் திறந்த சட்டியில் போட்டு, அது வேகிற வரைக்கும் அம்மா பக்கத்திலேயே நிற்பார். ரொட்டி விற்கிற அண்ணன் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டே வருவார். அவர் எங்கள் வரிசைக்குத் திரும்பியதும் அம்மா வாசலுக்கு ஓடி இரண்டு கைகளையும் ஆட்டுவார். நாளடைவில் அவரும் பழகிப்போய், எங்கள் வீட்டைத் தாண்டும்வரை ஹாரனிலிருந்து கையை எடுத்துவிடுவார்.

அந்த ஆண்டு நான் தடிக்காவில், அதாவது பாலர் பள்ளியில், கடைசி வகுப்பு. ஜனவரியில் முதலாம் வகுப்புக்குப் போக வேண்டும். சுங்கைப்பட்டாணியில் ஒரு தனியார் பள்ளி இருக்கிறது, அங்கே எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில்தான், அங்கே படித்த பிள்ளைகள் எங்கே போனாலும் பயப்படாமல் பேசுகிறார்கள் என்று அம்மாவின் காதில் யாரோ போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்கு வேறு பேச்சே இல்லை. பெரிய இடத்து ஆசை என்று உறவில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். அப்பா மட்டும் ஓவர்டைமுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்தப் பள்ளியில் சேர நுழைவுத் தேர்வு உண்டு. ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துத் தேர்வு ஒன்று, அது முடிந்ததும் பெற்றோரோடு உட்கார வைத்து ஆங்கிலத்தில் கேள்விகள். பின்வரிசை வீட்டு அக்காவின் மகன் முந்தைய ஆண்டு அங்கே தேறியிருந்தான். அந்த அக்காவைப் பார்க்க அம்மா ஒரு சட்டி முறுக்கோடு போனார். அக்கா அரசாங்க ரகசியத்தைச் சொல்வதுபோல நான்கு கேள்விகளைச் சொல்லிவிட்டு, ஐந்தாவது மறந்துபோய்விட்டது என்றார். முறுக்கை மட்டும் மறக்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த நான்கு கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் அம்மா ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதினார். முதலில் பென்சிலில் எழுதி, அகராதியைப் பார்த்துத் திருத்தி, பிறகு பேனாவில் எழுதினார். உன் பெயர் என்ன, உன் குடும்பத்தைப் பற்றிச் சொல், உனக்குப் பிடித்த பிராணி எது. மூன்றுக்கும் அடித்தல் திருத்தல் நிறைய. நான்காவது, வளர்ந்து என்னவாக விரும்புகிறாய். அந்தப் பதிலில் மட்டும் ஒரு அடித்தலும் கிடையாது. ஒரே வரியாக இருந்ததால் என்று நினைத்தேன். எனக்கும் அதுதான் சுலபமாக வாயில் வந்தது. ஐ வான்ட் டு பீ எ டீச்சர்.

தினமும் தடிக்கா விட்டு வந்ததும் பயிற்சி. அம்மா காலை மடக்கி எதிரே உட்கார்ந்து, புருவத்தை உயர்த்தி, கேள்வி கேட்கிற டீச்சராக மாறிவிடுவார். அவர் கேள்வியும் கிசுகிசுப்பு, என் பதிலும் கிசுகிசுப்பு. கொஞ்சம் குரல் ஏறினால் உதட்டில் விரல் வந்துவிடும்.

“மெதுவா பேசு லா. அப்பா தூங்குறாரு.”

சரியாகச் சொன்னால் அவர் சத்தமில்லாமல் கை தட்டுவார். இரண்டு உள்ளங்கைகளும் தொட்டும் தொடாமல் விலகும். அந்தக் கைதட்டலுக்காகவே நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். என்னைவிட அவர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார். நான் கழிவறைக்குப் போய்த் திரும்பும்போது, கேள்வியும் தானே பதிலும் தானே என்று அவர் தனியாகப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தயார் செய்கிறார் என்று விட்டுவிட்டேன்.

பெற்றோரிடமும் கேள்வி வந்தால் அப்பா பார்த்துக்கொள்வார் என்பது ஏற்பாடு. ஜப்பான்காரர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் நிறைந்த இடத்தில் வேலை செய்து அவருக்கு ஆங்கிலம் ஓரளவு ஓடும். ஆனால் தேர்வு நாளுக்கு முந்திய இரவுக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஆள் பற்றாக்குறை என்று சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டார்.

ஆகவே அந்த சனிக்கிழமை காலை அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி, குளித்து, அம்மா தேய்த்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, படுக்கையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் காரை எடுத்தார். அம்மா தீபாவளிக்கு எடுத்த பச்சைச் சேலையில் இருந்தார். எனக்கு இரட்டைச் சடை, நெற்றியில் திருநீறு. வழி முழுக்க அம்மா பின்னால் திரும்பி என்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். அப்பா விழித்துத்தான் இருந்தார். இருந்தாலும் எங்கள் இருவருக்கும் குரல் உயரவில்லை. பழகிவிட்டது.

பள்ளியில் என்னை எழுத்துத் தேர்வுக்கு அழைத்துப் போனார்கள். வட்டம், சதுரம், விடுபட்ட எழுத்து, வாழைப்பழங்களை எண்ணுவது. அதெல்லாம் எனக்குத் தூசு. முடித்துவிட்டு வெளியே வந்தபோது அம்மா மட்டும் மண்டபத்தில் காத்திருந்தார். ஐந்து நிமிடம் கண்ணை மூடுகிறேன் என்று அப்பா காருக்குப் போயிருந்தாராம். அடுத்தது எங்கள் முறை என்று சொன்னதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கார் நிற்கும் இடத்துக்கு ஓடினார்.

மரநிழலில் கார் கதவுக் கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டு அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. கழற்ற மறந்த வேலை அட்டை கழுத்தில் அப்படியே கிடந்தது. அம்மா அவர் தோளைத் தொடக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எனக்குத் தெரிந்து அம்மா ஒருநாளும் அப்பாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பியதில்லை.

“எழுப்பும்மா. கூப்புடுறாங்க.”

“வேணாம் லா. ராத்திரி பூரா நின்னுட்டு வந்திருக்காரு பாவம். நாமளே போலாம், வா.”

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். திரும்பி நடந்தபோது அவர் கை ஈரமாக இருந்தது. என் கைதான் வியர்க்கிறது என்று நான் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

அறையில் கண்ணாடி போட்ட ஒரு சீன டீச்சர் இருந்தார். அன்பானவர் என்றுதான் இப்போதும் சொல்வேன். எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டு, பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் முதுகை நிமிர்த்தி, அழகாக, முறையாக, ஆங்கிலத்தை எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசினேன். டீச்சர் காதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார். இன்னும் சத்தமாகச் சொல் என்றார். நான் திரும்பவும் அதே மாதிரி சொன்னேன். குடும்பம், பிராணி எல்லாவற்றுக்கும் அப்படித்தான். என் உதடு அசைகிறது, அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய பள்ளியில் இவருக்கு ஆங்கிலம் பேசும் முறை தெரியவில்லையே என்று எனக்கு ஆச்சரியம்.

பக்கத்தில் அம்மா கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். என் ஒவ்வொரு பதிலுக்கும் அவர் உதடும் கூடவே அசைந்தது.

கடைசியில் டீச்சர் நான்காவது கேள்வியைக் கேட்டார். நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டி, இன்னொரு முறை என்றார். மறுபடியும் சொன்னேன். அவர் பேனாவை எடுத்துக் காகிதத்தில் என்னவோ எழுதப்போனார்.

“ஐ வான்ட் டு பீ எ டீச்சர்!”

சொன்னது அம்மா. நாற்காலியிலிருந்து எழுந்து, இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வகுப்பில் பதில் சொல்கிற பிள்ளை மாதிரி நின்று சொன்னார். அம்மாவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். வெளியே காத்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். டீச்சர் திகைத்துப்போய்ப் பிறகு சிரித்தார், உட்காரச் சொன்னார். அம்மா உட்கார்ந்தார். முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது.

எனக்கு வந்ததே கோபம். அது என் பதில். மாதக்கணக்கில் நான் மனப்பாடம் செய்தது. அடுத்தவர் பதிலை எடுப்பது திருட்டு என்று தடிக்காவில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டேன். அதன்பிறகு டீச்சர் கேட்ட எதற்கும் வாயைத் திறக்கவில்லை. முறுக்கு அக்கா மறந்துபோன ஐந்தாவது கேள்வி எதுவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நாங்கள் காருக்குத் திரும்பியபோது அப்பா பதறி எழுந்தார். மணியைப் பார்த்தார்.

“முடிஞ்சிருச்சா? ஏன் என்னை எழுப்பல?”

“நல்லா அசந்து தூங்கிட்டு இருந்தீங்க” என்றார் அம்மா.

நான் விடுவேனா? அம்மா என் பதிலை எடுத்துக்கொண்ட அநியாயத்தை எழுந்து நின்றதிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். தமிழில், நல்ல சத்தமாக. அப்பா முதலில் சிரித்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. காரைக் கிளப்பி, வழியில் ஒரு செண்டோல் கடையில் நிறுத்தினார்.

என் கோபம் செண்டோலுக்கும் அடங்கவில்லை. ஐஸ் கரைந்துகொண்டிருக்க, நான் கரண்டியைத் தொடாமல் உள்ளங்கையை நீட்டினேன்.

“இனிமே அத சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. அது என்னோடது.”

அம்மா என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கையை அதன் மேல் வைத்தார்.

“சரிம்மா. அது உன்னோடதுதான். அம்மா இனிமே சொல்ல மாட்டேன்.”

அப்பா எதிரே விழித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அம்மா அதைக் கிசுகிசுப்பாகத்தான் சொன்னார். அந்த வெற்றியில் என் கிண்ணத்தையும் அவர் கிண்ணத்தையும் சேர்த்துக் காலி செய்தேன்.

இரண்டு வாரத்தில் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. இடம் இல்லை. அம்மா அதை நான்காக மடித்து அந்தப் பயிற்சிப் புத்தகத்துக்குள் வைத்தார். ஜனவரியில் நான் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போனேன், நன்றாகவே படித்தேன், ஆங்கிலத்தையும் உரக்கப் பேசக் கற்றுக்கொண்டேன். டீச்சர் ஆகவில்லை. அப்படி ஒரு ஆசை எனக்கு எப்போதும் இருந்ததில்லை. இப்போது அப்பா வேலை பார்த்த அதே தொழிற்பேட்டையில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அம்மாவோடு வளர்ந்த சித்தி, போன ஆண்டு ஒரு கல்யாண வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார். இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் அம்மா ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாராம். நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லிக் கடிதமும் வந்ததாம். அப்போது தோட்டத்து ஆட்களுக்கு வரும் கடிதமெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும், சம்பள நாளன்று பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அம்மாவின் கையில் அது கிடைத்தபோது நேர்முகத் தேர்வு முடிந்து நான்கு நாளாகியிருந்தது. அன்றைக்குச் சொல்வதற்கென்று அவர் பல நாள் ஆங்கிலத்தில் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றார் சித்தி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், எல்லாரையும்போல இரவில்தான் தூங்குகிறார். இருந்தும் அம்மா பட்டப்பகலில் பருப்பைத் திறந்த சட்டியில்தான் வேகவைத்துக்கொண்டிருந்தார்.

“நீ சின்ன வயசுல என்னாவாகணும்னு நெனச்சம்மா?”

அம்மா கரண்டியால் பருப்பைக் கிளறினார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“சொல்லக்கூடாதுன்னு நீதானே சத்தியம் வாங்கின?”