ஐந்தாவது எண்

இது கட்டுக்கதை இல்லை. என் அண்ணிக்கு நடந்தது. அண்ணியைத் தெரிந்தவர்கள் யாரும் அவள் ரீல் விடுவாள் என்று சொல்ல மாட்டார்கள். பேய்ப் படம் பார்த்தால் கொட்டாவி விடுகிறவள் அவள். ஆனால் அன்றிலிருந்து அவள் லிப்டில் ஏறுவதில்லை. எங்கள் வீடு ஆறாவது மாடி.

லிப்டுகளை ஓட்டும் நிரலைச் சரிபார்ப்பது அண்ணியின் வேலை. அன்று சனிக்கிழமை, பிற்பகல். ஓர் எட்டு மாடிக் குடியிருப்பின் உச்சியில், மோட்டார் அறையில், லேப்டாப்போடு தனியாக உட்கார்ந்திருந்தாள். பதினோரு நாளாக அங்கே லிப்ட் ஓடவில்லை. படியேறி மூச்சு வாங்கியவர்கள் எல்லாம் அவளைத்தான் கரித்துக்கொட்டினார்கள். மூன்று மணிக்குள் முடித்தாக வேண்டும் என்று மேலதிகாரி வேறு காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு சோதனை. காலி லிப்டை முழு வேகத்தில் உச்சி வரை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கூட வந்த மெக்கானிக் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். லிப்ட் பாதைக்குள் போவதென்றால் அவர் மெயின் சுவிட்சில் தன் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பூட்டு இல்லை என்றால் உள்ளே ஆள் இல்லை. அதுதான் அவர்களுக்குள் வழக்கம். அண்ணி திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பூட்டு இல்லை.

2:17. கட்டளை கொடுத்தாள். லிப்ட் நகரவில்லை. திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு பிழை. நான்கு எண்கள் வர வேண்டிய இடத்தில் ஐந்து வந்திருக்கிறதாம்.

அண்ணிக்குச் சலிப்புதான் வந்தது. எடையும் வேகமும் கணக்குப் போட்டுத் தரும் துணை நிரலை, லைப்ரரி என்பார்கள், முந்தாநாள்தான் புதுப்பித்திருந்தார்கள். புதுசு வந்தால் இப்படி ஏதாவது முறுக்கிக்கொள்ளும். பழையதையே திரும்பப் போட்டாள். 2:24. அதே பிழை. எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போட்டாள். அதே பிழை. அந்த ஐந்தாவது எண் என்னதான் என்று திறந்து பார்த்தாள்.

63.2.

அது எடை. கயிற்றின் இழுப்பைப் பார்த்து லைப்ரரி கணிப்பது. காலி லிப்ட் என்றால் அந்த எண்ணே வராது. கேமராவில் பார்த்தாள். லிப்டுக்குள் வெறும் தரைதான் தெரிந்தது.

டங்...

கீழே எங்கோ ஒரு சத்தம். குழாயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

2:31. மெக்கானிக் அண்ணனுக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அண்ணே, லிப்ட்ல யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல."

"எடை காட்டுதே..."

"யாரும் இல்ல தங்கச்சி. ஓட்டு."

வழக்கமாக நாலு கிண்டல் செய்யாமல் போனை வைக்கிற ஆள் இல்லை அவர். அன்று ஒன்றும் இல்லை. டீக்கடை இரைச்சலும் இல்லை. வைக்கவும் இல்லை.

"ஓட்டு."

அண்ணிதான் வைத்தாள்.

2:36. இந்தத் தொழிலில் எல்லோரும் செய்யும் குறுக்கு வழி ஒன்று உண்டு. ஐந்தாவது எண்ணைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு வரி எழுதினால் போதும், பிழை வாயை மூடிக்கொள்ளும். அண்ணி எழுதினாள். என்டர் மேல் விரலை வைத்தாள்.

63.2... 61.0... 65.8... 63.2...

அழுத்தாமல் விரலை எடுத்துக்கொண்டாள். கெட்டுப்போன எண் என்றால் உறைந்து நிற்கும். இல்லாவிட்டால் கன்னாபின்னாவென்று எகிறும். இது அப்படி இல்லை. எடை மெஷினில் நின்றுகொண்டு குனிந்து நிமிர்ந்தால் முள் ஆடுமே, அந்த ஆட்டம்.

டங்... டங்...

லிப்டை அப்படியே நிறுத்தும் சிவப்புப் பொத்தானை ஓங்கி அறைந்தாள். தரையில் கயிறு இறங்கும் ஓட்டைக்கு மேல் குனிந்து கத்தினாள்.

"யாரது?"

"நான்தான் தங்கச்சி! ஓட்டிடாத!"

குரல் லிப்டின் கூரைமேல் இருந்து வந்தது.

உச்சிக்குப் போயிருந்தால் அந்தக் கூரைக்கு மேலே ஆள் நிற்க இடம் கிடையாது.

ஐந்தாவது மாடிக் கதவு வழியாக அவர் வெளியே வந்தார். அண்ணி இறங்கி ஓடிப்போய் வாய்க்கு வந்தபடி திட்டினாள். அப்புறம் படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"பூட்டு எங்கண்ணே?"

"ரெண்டு நிமிஷ வேலைதானேன்னு..." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கடைக்குப் போனப்புறம்தான் போன் இல்லன்னு தெரிஞ்சுது. கூரைமேல விழுந்திருக்கு. அதை எடுக்கத்தான் ஏறினேன்."

"போன்ல பேசினீங்களே?"

"நானா?"

கைகளை விரித்துக் காட்டினார். ஒரு கையில் போன். இன்னொரு கையில், கழன்று தனியாகக் கிடந்த பேட்டரி.

அதை மாட்டிப் பார்த்தார்கள்.

வந்த அழைப்பு, 2:31. பேசிய நேரம், நாற்பத்தொரு நொடி.

மறுநாள் அண்ணி ஒருவரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தாள். அவளுக்கு முன்பு அந்த லிப்டைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியர். இரண்டு வருடத்துக்கு முன்னால் திடீரென்று வேலையை விட்டுப் போனவர். ஏன் போனார் என்று அலுவலகத்தில் யாரும் வாயைத் திறந்ததில்லை. அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எத்தனை செகண்ட் பேசுச்சு?"

"நாப்பத்தொண்ணு சார்."

"எனக்கும் அவ்வளவுதான்மா," என்றார் அவர். "நான் ஓட்டிட்டேன்."