மந்திரிக்குப் பிடித்த வீடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூடுவாஞ்சேரியில் அக்கா வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் மேளச் சத்தம். வேட்பாளர் வீடு வீடாக ஓட்டுக் கேட்டு வருகிறார்.

எனக்கு உள்ளுக்குள் ஓர் உற்சாகம். இந்தப் பத்தியில் அரசியல்வாதிகளின் ஊழலை அவ்வப்போது கிழித்துத் தொங்கவிடுகிறேன் அல்லவா? படிக்கிறவர்கள் வழியில் பார்த்தால் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள் — "எழுதினா போதுமா சார், நேர்ல பார்த்தா கேக்க வேணாமா?"

சரி, இன்றைக்குக் கேட்டுவிடுவோம். போட்டதாகச் சொன்ன ரோடு எங்கே? ஏரிக்குள் முளைத்திருக்கும் கல்யாண மண்டபம் யாருடையது? சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். டி.வி.யை அணைத்தாள். ஃபேனை அணைத்தாள். கதவின் மேல்தாழ்ப்பாளையும் போட்டாள். உள் அறையில் கைக்குழந்தையோடு படுத்திருந்த மகள் கவிதாவிடம், வெளியே வராதே என்று சைகை காட்டினாள். அக்காவின் கணவர் — நான் மாமா என்று கூப்பிடுவேன் — பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். இது அந்த வீட்டில் வழக்கம் போலிருக்கிறது.

காலிங் பெல் அடித்தது. மறுபடியும் அடித்தது.

"வூட்ல யாரும் இல்லியா? அண்ணன் வந்துகீறாரும்மா, ஓட்டுக் கேக்க..." என்று ஒரு குரல். கதவுக்கடியில் ஒரு நோட்டீஸ் நுழைந்தது. செருப்புச் சத்தங்கள் மாடிப்படி ஏறிப் போயின.

அக்கா கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். அவள் வராந்தாவில் நடந்து வந்தாலே பத்தாம் வகுப்புப் பையன்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். அவள் இப்போது சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"அது ஏழுமலை குரல்டா" என்றாள்.

ஏழுமலை என்பது நான் வைத்த பெயர். இந்தக் கதையை எழுதக் கூடாது என்று அக்கா இத்தனை வருஷம் தடை போட்டிருந்தாள். அன்றைக்குத்தான் அவளாகவே, எழுதிக்கொள், ஆனால் யார் பெயரும் நிஜமாக இருக்கக் கூடாது என்று சொன்னாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மாமாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை. நாம் இன்றைக்கு ஈ.சி.ஆர். என்று பெருமையாகச் சொல்கிறோமே... அது அப்போது எதிரில் பஸ் வந்தால் நாம் மண்ணில் இறங்கி நிற்க வேண்டிய ரோடு. இரண்டு பக்கமும் சவுக்கும் மணலும்தான். அந்த மணலை யாரும் சீந்தாத காலத்தில், மகாபலிபுரத்துக்குக் கொஞ்சம் தெற்கே மாமா ஒரு மனை வாங்கினார். பி.எஃப். லோன் போட்டு வீடு கட்டினார். லீவு நாளெல்லாம் அங்கேதான். புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குக்கூட ஆளை நம்பாமல் தானே குடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பார்.

கட்டி முடித்ததும் குடும்பத்தோடு குடிபோனார். பெரிய வீடு இல்லை. இரண்டு அறை, சமையலறை, கடலைப் பார்த்த ஒரு வராந்தா. ஆனால் கிணற்றுத் தண்ணீர் சர்க்கரை மாதிரி இருக்கும். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் அது அதிர்ஷ்டம்.

அந்த வீட்டுக்கு மந்திரி வந்த அன்று நானும் அங்கே இருந்தேன்.

நாங்கள் அழைத்து அவர் வரவில்லை. பக்கத்துக் குப்பத்தில் ஏதோ அடிக்கல் நாட்டு விழா. முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் அவருக்கு அவசரமாக பாத்ரூம் போக வேண்டியிருந்தது. அந்த இடத்தில் கண்ணில் பட்ட மெத்தை வீடு இது ஒன்றுதான். வரிசையாகக் கார்கள் மணலில் நின்றன. வெள்ளை வேட்டிகள் இறங்கின. மாமா பதறிப் போய்ப் புது டவல் எடுத்துக் கொடுத்தார்.

மந்திரி வெளியே வந்தார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். வராந்தாவில் மாமாவின் ஈஸி சேரில் சாய்ந்து கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்தவர்கள் எல்லாரும் வெயிலில் நின்றார்கள். பிறகு எழுந்து, மாமாவின் தோளில் தட்டி, சாதாரணமாகச் சொன்னார்.

"வீடு நல்லா இருக்குய்யா."

அவ்வளவுதான். போய்விட்டார்.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸில் போய்ச் சொல்ல வேண்டும் என்று துடித்தார். நானும்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். அக்கா மட்டும் அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். "நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு" என்றாள். நாங்கள் சந்தோஷமாகச் சொன்ன அதே வார்த்தைகள். அவள் சொன்னபோது வேறு மாதிரி இருந்தது.

அவள் ஸ்கூலில் கூட வேலை பார்த்த ஒரு டீச்சரின் அண்ணன் தோட்டத்தையும் இப்படித்தான் யாரோ ஒரு பெரிய மனிதர் நல்லா இருக்கிறது என்று சொன்னாராம். அடுத்த வருஷம் தோட்டம் அண்ணனிடம் இல்லை.

அக்கா பயந்தது வீண் போகவில்லை. கொஞ்ச நாளில் ஏழுமலை வந்தான். உள்ளூர்க்காரன். கட்சியில் ஏதோ பொறுப்பு. கூட இரண்டு பேர். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கும்பிட்டுக்கொண்டே வந்தான். குரலை உயர்த்தவில்லை, நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"அண்ணனுக்கு வூடு ரொம்ப புட்ச்சிப் போச்சி சார். சும்மா ஒண்ணும் கேக்கல, டப்பு குட்துடுவாரு. யோசிச்சி சொல்லுங்க" என்றான்.

மாமா, இது விற்பதற்குக் கட்டின வீடு இல்லை என்று சொல்லிப் பார்த்தார். ஏழுமலை எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கிளம்பிப் போகிற சமயத்தில், அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த கவிதாவைப் பார்த்துச் சிரித்தான். பாப்பா எந்த ஸ்கூல், பஸ்ஸிலா போகிறது, எத்தனை மணி பஸ் என்று விசாரித்தான்.

அன்பாகத்தான் விசாரித்தான்.

மறுநாளே அக்கா கவிதாவைக் கூட்டிக்கொண்டு ஊரப்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். பெண்ணை என்னிடம் விட்டுவிட்டு, பஸ் ஏறும் முன் திரும்பித் திரும்பி ஒன்றையே சொன்னாள் — தனியாக எங்கேயும் அனுப்பாதே. வருஷ நடுவில் ஸ்கூல் மாற்றினோம். எதற்கு என்று கேட்ட தலைமையாசிரியரிடம் உடம்பு சரியில்லை, கடல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று பொய் சொன்னேன். கவிதா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. குழந்தைகளுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது.

நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். மாமா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, நீங்கள் வரவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை, இரண்டு பேருக்கும் அதுதான் நல்லது என்று சொல்லி வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். செங்கல்பட்டில் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். என்ன குற்றம் என்று கேஸ் போடுவது என்று அவர் திருப்பிக் கேட்டார். தண்ணீர் குடித்தார், வீடு நன்றாக இருக்கிறது என்றார், பையன்கள் வந்து மரியாதையாக விலை கேட்டார்கள், பாப்பாவை அன்பாக விசாரித்தார்கள்... இதில் எந்தப் பிரிவு வரும்?

நான் எழுதுகிறேன் என்றேன். "எழுதிட்டு நீ ஊரப்பாக்கத்துல இருப்ப. நாங்க இங்க இருக்கணும்" என்றாள் அக்கா.

அந்த நாட்களில் வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் மாமா கையிலிருந்த சாப்பாட்டை அப்படியே வைத்துவிடுவார். பெரும்பாலும் அது இறால் பண்ணைக்குப் போகிற ஜீப்பாக இருக்கும். சத்தம் தாண்டிப் போன பிறகும் அவர் சாப்பிட மாட்டார். வீட்டுக்கு வெள்ளையடிப்பதை நிறுத்தினார்கள். முன்னால் இருந்த செம்பருத்திச் செடிகளை அக்கா தன் கையாலேயே வெட்டிப் போட்டாள். வீடு யாருக்கும் பிடிக்காமல் போய்விட்டால் போதும் என்று தோன்றியதாம்.

பிறகு ஒரு மத்தியான வேளையில் ஏழுமலை தனியாக வந்தான். டி.வி.எஸ். ஃபிஃப்டியில். கரை வேட்டி இல்லாமல், லுங்கியில். அக்கா மட்டும்தான் வீட்டில். ஜன்னல் வழியாகவே பேசினாள். அவன் தண்ணீர் கேட்டான். கம்பிக்கு வெளியே டம்ளரை நீட்டினாள்.

"டீச்சர், வித்துடுங்க" என்றான். "எங்க மாமனாரு தோப்பு ஒண்ணு இருந்திச்சி. அண்ணன் பாத்துட்டு நல்லாக்கீதுன்னாரு. நாந்தான் போயி மாமனாராண்ட பேசி வாங்கிக் குட்தேன். என் பொண்டாட்டி இன்னும் என்னாண்ட மூஞ்சி குட்த்துப் பேசறதில்ல."

டம்ளரில் மீதியிருந்ததைக் குடித்துவிட்டு மறுபடியும் பேசினான்.

"நான் வர்ற வரிக்கும்தான் டீச்சர் மரியாதி. என்னால ஆவலன்னா வேற ஆள அனுப்புவாங்க. அவன் இப்டி தண்ணி வாங்கிக் குட்சிகினு பேசிகினு இருக்க மாட்டான்."

சொல்லும்போது அவன் கை நடுங்கியது என்கிறாள் அக்கா. டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது கம்பியில் பட்டுச் சத்தம் கேட்டதாம். அன்றைக்குத்தான் அவளுக்கு முழுப் பயம் வந்தது. மிரட்ட வந்தவன் மிரட்டினால் எதிர்த்து நிற்கத் தோன்றும். மிரட்ட வந்தவனே நடுங்கினால் என்ன செய்வது? அவனுக்கு மேலே ஒருவன், அவனுக்கு மேலே இன்னொருவன், மந்திரிக்கும் மேலே யாரோ... எல்லாருமே பயந்துகொண்டிருக்கிற ஒரு ஏணியின் கடைசிப் படியில் தன் பெண் நிற்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

விற்றார்கள். என்ன விலை என்று மாமா இதுவரைக்கும் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ரிஜிஸ்டர் ஆபீஸில் நான் கூட இருந்தேன். கேட்க வேண்டிய கேள்வியை அந்த அதிகாரி கேட்டார். சம்மதத்தோடுதானே எழுதிக் கொடுக்கிறீர்கள், யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்று. தலையை நிமிர்த்தவே இல்லை. எதிரில் நிற்கிறவரின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று குனிந்திருப்பவரைப் போலத்தான் எனக்குத் தோன்றியது. மாமா, இல்லை என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பஸ் பிடிக்க நேரமாகிறது என்று அக்காதான் எழுப்பினாள்.

வருஷங்கள் போயின. ஆட்சி மாறியது. மந்திரி தோற்றார். ரெய்டு நடந்தது. ஊரே கொண்டாடியதே, நினைவிருக்கிறதா? அக்கா அப்போது கூடுவாஞ்சேரி ஃபிளாட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். கேபிள் டி.வி.யில் நியூஸ் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் அவள் ஹாலில் கூடியிருந்தார்கள். ஒவ்வொரு சொத்தாகக் காட்டக் காட்ட ஒரே சிரிப்பு. நல்லா வேணும், நல்லா வேணும் என்று ஒருவர் தொடையில் தட்டிக்கொண்டார்.

திடீரென்று திரையில் கடல். ஒரு வராந்தா. ஒரு கிணறு.

ஊழல் பணத்தில் கட்டிய சொகுசு பங்களா என்றது டி.வி.

எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். மாமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாருக்கும் கேட்காத குரலில், "பி.எஃப். லோன்ல கட்டினது" என்றார். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு அந்த வக்கீலே போன் செய்து, இப்போது தைரியமாக வந்து சாட்சி சொல்லலாம், ஒருவேளை வீடுகூடத் திரும்பக் கிடைக்கலாம் என்றார். அக்கா போகவிடவில்லை. இவர் தோற்றால் என்ன, இவரிடம் இருந்த ஆட்கள் தோற்றார்களா என்று கேட்டாள். அவள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அடுத்த தேர்தலுக்குள் ஏழுமலை வேட்டியின் கரை மாறிவிட்டது. இப்போது யாருக்காகக் கதவைத் தட்டுகிறான் என்பதை போன மாதம் கதவுக்கடியில் வந்த நோட்டீஸில் பார்த்தோம்.

ஊழலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் பணத்தைப் பற்றியே பேசுகிறோம். எவ்வளவு அடித்தான், எங்கே பதுக்கினான்... எனக்கு வேறொன்று தோன்றுகிறது. மக்கள் ஏன் கோபப்படுவதில்லை என்று கேட்கிறீர்களே, அவர்களிடம் கோபம் நிறைய இருக்கிறது. அது வாய்க்கு வருவதற்குள் வீட்டில் பெண் பஸ்ஸில் ஸ்கூலுக்குப் போவது நினைவுக்கு வந்துவிடுகிறது. பணத்தைக்கூட ரெய்டு விட்டுப் பிடிக்கலாம். இந்தப் பயத்தை எந்த லாக்கரைத் திறந்து மீட்பது?

இந்த வாரம் ஓட்டுப் போடும் நாள். மாமாவுக்கு முழங்கால் வலி. நான்தான் இரண்டு பேரையும் காரில் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா காலையிலேயே குளித்து, நல்ல புடவை கட்டி, வரிசையில் போய் நின்றாள். ஓட்டுப் போடுவதை அவள் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. அந்த அட்டை மறைப்புக்குள்தான் அவளை யாரும் பார்க்க முடியாது, அதனால்தான் இவ்வளவு ஆர்வம் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

விரலில் மையோடு வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. காரில் ஏறிக் கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றிய பிறகுதான் பேசினாள்.

"பட்டனை அமுக்கினதும் அந்த மிஷின் பீப்னு அவ்ளோ சத்தமா கத்துதேடா... யாருக்குப் போட்டேன்னு அதை வெச்சுக் கண்டுபிடிச்சிடுவாங்களா?"

எல்லாப் பட்டனுக்கும் ஒரே சத்தம்தான் அக்கா, யாருக்கும் தெரியாது என்றேன்.

கண்ணாடி ஏற்றியிருந்தும், நானும் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னேன்.