கைநாட்டுக்கு ஒரு படம்

பென்சிலால் போட்டுப் பிறகு நீல மையால் கோடு இழுத்த படம் அது. வீணாகிப்போன படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் வரைந்தேன். சேலையை முழங்கால் வரை தூக்கிச் சொருகிய ஏழு பெண்கள் வரிசையாகக் குனிந்து நடவு நடுகிறார்கள். கையில் இருப்பது நாற்று முடிச்சு இல்லை; கட்டுக்கட்டாகப் பெருவிரல்கள். நட்டு முடித்த இடத்தில் விரல்கள் நகத்தோடு சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்கின்றன. வரப்பில் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்க்கிறார். கீழே ஒரே ஒரு சொல்: கைநாட்டு. வரைந்து முடித்ததும் நானே விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு மாத இதழில் விசித்திரமான சொற்களுக்குச் சிரிப்புப் படம் போட்டு வருகிறேன். வாசகர்கள் சொற்களை எழுதி அனுப்புகிறார்கள். வருடத்துக்கு இரண்டு பேராவது ‘கைநாட்டு’ என்று அனுப்புவார்கள். நான் அதை எடுத்து ஓரமாக வைத்துவிடுவேன். ஆசிரியர் கேட்டால், பழைய ஜோக் சார் என்று சமாளிப்பேன். உண்மை என்னவென்றால், மேலே சொன்ன அந்தப் படம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போட்டது; அதற்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு நான் பேனாவை எடுப்பதில்லை.

நீடாமங்கலத்தில் ரயிலைவிட்டு இறங்கி, பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு சின்ன ஊரில் எங்கள் ஆபீஸ் இருந்தது. குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்களின் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்றுவதற்கென்றே திறந்த தனி ஆபீஸ். ஒரு தனித் தாசில்தார், ஒரு ஹெட்கிளார்க், ஒரு டைப்பிஸ்ட் அம்மா, குமாஸ்தாவாக நான். பெயர் ஏறிவிட்டால் குத்தகைக்காரரை நிலத்திலிருந்து சுலபமாக வெளியேற்ற முடியாது. அதனால் ஏற்றச் சொல்லி ஒரு கூட்டம் வரும், ஏற்றக்கூடாது என்று இன்னொரு கூட்டம் வரும். அறுவடை சமயத்தில் வயலோரத்தில் போலீஸ் கூடாரம் நிற்கும். பக்கத்து ஊரில் கொடிக்கம்பத்தை வெட்டினார்கள் என்று மண்டை உடைந்தது. நானோ பிறவிப் பயந்தாங்கொள்ளி. வாசலில் சைக்கிள் மணி சத்தம் கேட்டால்கூட நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுவேன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. தகுதிகாண் பருவம் முடியும்வரை ஒரு சொட்டு மை கூடத் தப்பான இடத்தில் விழக்கூடாது என்பதே என் பிரார்த்தனை.

அறுபத்தேழில் ஆட்சி மாறிய பிறகு ஆபீஸ் கடிதமெல்லாம் நல்ல தமிழில் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. நவாப் காலத்திலிருந்து நில விவகாரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, புதுச் சொல் பழக வேண்டும். ஹெட்கிளார்க் தினம் ஒரு பழைய சொல்லையும் அதற்கு ஈடான புதுச் சொல்லையும் தாழ்வாரத்துப் பலகையில் ஒட்டச் சொன்னார். ஒருவரும் படிக்கவில்லை. படம் போட்டால் பார்ப்பார்கள் என்று டைப்பிஸ்ட் அம்மா சொன்னார். எனக்குக் கை அரித்தது. ஊர்க் கணக்குகளை வருடத்துக்கு ஒரு முறை சரிபார்க்கும் ஜமாபந்திக்கு, இலை போட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கும் கிராமத்தாருக்குத் தாசில்தார் கரண்டியால் மனுக்களைப் பரிமாறுவதாக வரைந்தேன். அடங்கல் என்பது பயிர்க் கணக்கு ஏடு. ஓர் ஊரையே அதற்குள் திணித்து, மேலே ஒருவர் ஏறி உட்கார்ந்து அமுக்குவதாகப் போட்டேன். விசாரணையை அடுத்த தேதிக்குத் தள்ளுவதுதான் வாய்தா. அதற்கு, அதிகாரி ‘வாய் தா’ என்று கை நீட்ட, ஒரு விவசாயி தன் வாயைக் கழற்றித் தட்டில் வைத்துக் கொடுக்கிறார். எதற்கும் சிரிக்காத ஹெட்கிளார்க்கே இதற்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

அந்த வாய்தா படத்தின் முன்னால்தான் அந்த அம்மாவை முதலில் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். கணவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவர் பெயரில் இருந்த ஒன்றரை ஏக்கர் குத்தகையைத் தன் பெயரில் பதியச் சொல்லி மனுப் போட்டிருந்தார். மூன்று முறை வந்து மூன்று முறையும் தேதி தள்ளிப்போனதால் ஆபீசில் அவருக்கு ‘வாய்தா அம்மா’ என்றே பெயர் வைத்துவிட்டோம். எழுத்துத் தெரியாது. ஆனால் படத்தை எங்கள் எல்லோரையும்விட நிதானமாகப் பார்ப்பார். வாயைக் கொடுத்த விவசாயியைப் பார்த்து, “குடுத்துட்டு வெறும் மூஞ்சியோட நிக்கிறாரு. சரியாத்தான் போட்டிருக்கீங்க சார்” என்றார். என் படத்தை ஒருவர் அப்படிக் கூர்ந்து பார்த்தது அதுதான் முதல் முறை. பிறகு அவர் வரும் தேதி எனக்கு நினைவிருக்கும். அன்றைக்குப் புதுப் படம் இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வேன்.

நாலாவது முறை அவர் வந்தபோது பலகையில் இருந்தது கைநாட்டு. கைநாட்டு என்றால் படிக்காதவர்களைத் திட்டுவது போல இருக்கிறது, இனிமேல் ‘பெருவிரல் ரேகை’ என்றுதான் எழுத வேண்டும் என்று ஹெட்கிளார்க் சொல்லியிருந்தார். நான் வரைந்தது திட்டுகிற அர்த்தத்தில்தான் என்பதை மறைப்பானேன். கையெழுத்துத் தெரியாதவர்களைப் பார்த்துக் கையெழுத்துத் தெரிந்தவன் சிரித்த சிரிப்பு அது. வரப்பு வெறுமையாகத் தெரிந்ததால்தான் குடைக்காரரைப் போட்டேன். வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை. அந்த அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு இது என்ன சொல் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“நானும் ஒண்ணு நட்டேங்க சார். அவரு காரியம் முடிஞ்ச மறுநாளு. உரத்துக்கு எழுதிக் குடுக்கணும்னு காரியஸ்தரு காகிதம் கொண்டாந்தாரு. அது என்னவா வெளஞ்சிருக்கும்?”

காரியஸ்தர் என்பவர் அந்த நிலத்துக்கு உடைமைக்காரரான மிராசுதாரின் ஆள். அவர் எங்கள் ஆபீசில் தாக்கல் செய்திருந்த காகிதம் எனக்குத் தெரியும். அதற்கு எண் போட்டுக் கோப்பில் கட்டியவனே நான்தான். குத்தகையை என் மனமொப்பி விட்டுவிட்டேன், இனி எனக்குப் பாத்தியதை இல்லை என்று எழுதி, அடியில் ஒரு பெருவிரல் ரேகை. கோப்பில் இருப்பதைக் கட்சிக்காரரிடம் குமாஸ்தா சொல்லக்கூடாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, மெதுவாகச் சொல்லிவிட்டேன். அவர் தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கும் தேதி தள்ளிப்போயிற்று.

தாழ்வாரத்தின் மறுகோடியில் காரியஸ்தர் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. நாலே நாளில் புகார் வந்தது. மிராசுதாரைக் கேலி செய்து ஆபீசிலேயே படம் ஒட்டியிருக்கிறது, அதைக் காட்டி மனுதாரருக்குக் குமாஸ்தா சொல்லிக்கொடுக்கிறார் என்று இரண்டு பக்கம், பலகையிலிருந்து பிய்த்த படமும் சேர்த்து. மூன்று நாளில் விளக்கம் தரச் சொல்லி எனக்கு மெமோ. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயாலும் கெட்டேன், கையாலும் கெட்டேன். குடை பிடித்து எதிரே வருகிறவரெல்லாம் எனக்கு மிராசுதாராகத் தெரிந்தார். வேலை போய்விடுமோ, போகிற வழியில் யாராவது மடக்கி உதைப்பார்களோ, ஊருக்குப் போய் அப்பாவிடம் என்ன சொல்வது என்று மனம் இதையே மாற்றி மாற்றி அரைத்தது. ஹெட்கிளார்க் என் விளக்கத்தைத் தானே எழுதிக்கொண்டு வந்தார். படம் பொழுதுபோக்காக வரைந்தது. மனுதாரரிடம் நான் எதுவும் பேசவில்லை. இவ்வளவுதான். “கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி தலையெழுத்தை நெனச்சுக்கப்பா” என்றார். அவர் நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றத்தான் எழுதினார். நான் என் தலையெழுத்தை மட்டும் நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மாவின் தலையெழுத்தும் அதே தாளில் இருந்தது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஐந்தாவது தேதியில் விசாரணை நடந்தது. தனித் தாசில்தார் அதிகம் பேசாதவர். இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரிச் சந்தேகமாகப் பார்ப்பார். வாக்குமூலம் எழுத நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரேகை தன்னுடையதுதான், ஆனால் உரத்துக்கு என்று சொல்லி வாங்கினார்கள் என்றார் அந்த அம்மா. இத்தனை நாள் இல்லாமல் இப்போது எப்படித் தெரிந்தது என்று அதிகாரி கேட்டார்.

“காகிதத்துல என்ன எழுதியிருக்குன்னு குமாஸ்தா சார்தாங்க சொன்னாங்க.”

என் பேனா நின்றுவிட்டது. அதிகாரி கோப்பைப் புரட்டி என் விளக்கத்தை எடுத்தார். “இவரு உங்ககிட்ட எதுவுமே பேசலைன்னு எழுதிக் குடுத்திருக்காரே” என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் நிமிர்ந்து, ஆமாம், நான்தான் சொன்னேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில், எழுதிய வரியையே மறுபடி எழுதுவது போலக் குனிந்துகொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, அதிகாரி பக்கம் திரும்பி, “இல்லீங்க, நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். படத்தைப் பாத்து நானாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்” என்றார்.

காரியஸ்தருக்குச் சிரிப்பு வந்தது. எழுத்தே தெரியாதவர் படத்தைப் பார்த்துப் பத்திரம் படித்தாரா என்று கேட்டார். புகாரோடு இணைத்திருந்த படத்தை அதிகாரி எடுத்து அந்த அம்மாவின் முன்னால் வைத்து, இதில் என்ன தெரிகிறது என்று விசாரித்தார். அவர் தொடாமல் குனிந்து பார்த்தார்.

“நடுறது நாங்கங்க. நாத்துக்குப் பதிலா வெரலை நடுறோம். என்ன பயிருன்னு நடுறவங்களுக்குத் தெரியலை, வரப்புல நிக்கிறவருக்குத்தான் தெரியும். இதுக்கு எழுத்து எதுக்குங்க?”

அது என் படத்தில் இல்லை. நான் அப்படி நினைத்து வரையவே இல்லை. ஆனால் அவர் சொன்ன பிறகு அதைத் தவிர வேறு எதுவும் அந்தப் படத்தில் எனக்குத் தெரியவில்லை. அவர் அதோடு நிற்காமல், காரியஸ்தரை ஒரு வார்த்தை கேட்கலாமா என்று அதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டார். நான் நிலத்தை விட்டுவிட்டதாகச் சொல்கிறீர்களே, அதற்குப் பிறகு குறுவையும் சம்பாவும் அங்கே நட்டது யார் என்று கேட்டார். நீங்கள்தான், கூலிக்கு என்றார் காரியஸ்தர். “வெதை யாரு வீட்டுதுங்க?” என்றார் அந்த அம்மா. உங்க வீட்டு வெதைதான் என்று பழக்கதோஷத்தில் காரியஸ்தர் வாயைவிட்டுவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. எங்கள் பக்கம் கூலிக்கு நட வருகிறவர் கையை வீசிக்கொண்டு வருவார். வீட்டிலிருந்து விதைநெல் கொண்டுவந்து நாற்று விடுகிறவர் சாகுபடிக்காரர் மட்டும்தான். இதை அதிகாரிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எழுதிக்கோ என்று என்னிடம் சொன்னார். கேள்வியையும் பதிலையும் ஒரு எழுத்து விடாமல் எழுதினேன்.

வெளியே வந்ததும் அந்த அம்மாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பின்னால் போனேன். மன்னிப்புக் கேட்கவா, நன்றி சொல்லவா என்று முடிவு செய்வதற்குள் அவர் பஸ் ஏறிவிட்டார். உத்தரவு வர ஆறு வாரம் ஆயிற்று. ஆறு வாரமும் எனக்குக் காய்ச்சல்காரன் போலத்தான் இருந்தது. தோற்றுவிட்டால் அது என் கையெழுத்தால்தான் என்று எனக்குத் தெரியும். கடைசியில் அவர் பெயரை ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. என் மீதிருந்த புகார், எச்சரிக்கையோடு முடிந்தது. பலகையில் படம் ஒட்டுவதும் நின்றது.

உத்தரவின் நகலைக் கொடுக்க வேண்டியவன் நான்தான். பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகப் பெருவிரல் ரேகை வாங்க வேண்டும். அந்த அம்மா வந்ததும் பெயர் ஏறிவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்லி, மை அட்டையைத் திறந்து நீட்டினேன். அவர் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, முதலில் வாசிக்கச் சொன்னார். சர்வே எண்ணிலிருந்து அதிகாரியின் கையெழுத்து வரை முழுவதும் வாசித்தேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஆனால் கை வெளியே வரவில்லை. டைப்பிஸ்ட் அம்மா பக்கம் திரும்பி, “நீங்க ஒருக்கா வாசிங்கம்மா” என்றார்.

பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “கோவிச்சுக்காதீங்க தம்பி. பயந்தவங்க வாசிச்சா பாதி உள்ளயே நின்னுடும்.”

அதுவரை என்னை அவர் சார் என்றுதான் கூப்பிட்டிருந்தார். குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். டைப்பிஸ்ட் அம்மா தாளை வாங்கி முதல் வரியிலிருந்து வாசிக்க, திறந்த மை அட்டையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். நான் வாசித்ததற்கும் அவர் வாசித்ததற்கும் ஒரு சொல்கூட மாறவில்லை. மாறவில்லை என்று தன் காதால் கேட்ட பிறகுதான் அந்த அம்மா பெருவிரலை நீட்டினார்.