சம்பந்தி விரித்த வம்ச வரைபடம்

மகளுக்குச் சம்பந்தம் பேச, ஹூஸ்டனிலிருந்து டாலஸில் உள்ள பையன் வீட்டுக்குப் போயிருந்தோம். பையனின் அம்மா மார்கரெட், தங்கள் முன்னோர் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் என்று சொல்லி, மேஜை நீளத்துக்கு வம்ச வரைபடத்தை விரித்தார். உங்கள் குடும்பத்தையும் சேர்த்துவிடலாம் என்று பென்சிலை என்னிடம் நீட்டினார்.

பென்சிலை வாங்கத் தயங்கினேன். என் கணவர் என் சொந்த அத்தை மகன். "இங்க கசின் மேரேஜ்னா ஒரு மாதிரி பாப்பாங்கம்மா, ப்ளீஸ் சொல்லிடாத" என்று காரிலேயே மகள் கெஞ்சியிருந்தாள். வரைந்தால் இரண்டு கோடுகளும் என் தாத்தாவிடமே போய் முட்டுமே!

நான் தவிப்பதைக் கவனிக்காமல் இவர் வரைபடத்தின் மேல் குனிந்தார். இங்கேயும் இரண்டு கோடுகள் ஒன்றாகச் சேர்கின்றனவே என்று கேட்டார். மார்கரெட் வாய்விட்டுச் சிரித்தார். சொத்து வெளியே போகக் கூடாதென்று அந்தப் பிரபு மாமன் மகளையே கட்டிக்கொண்டாராம்!

"அட, நம்ம ஊரு கதைதான்டி!" என்றார் இவர். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பென்சிலை வாங்கி, எங்கள் கோடுகளைத் தாத்தா பெயரில் அழுத்தமாகச் சேர்த்தேன். அதைப் பார்த்த மார்கரெட், "நீங்களும் பிரபு வம்சமா?" என்றார்.

இப்போதெல்லாம் எல்லாரிடமும் இவரை "என் அத்தை மகன்" என்றுதான் அறிமுகப்படுத்துகிறேன். கணவர் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

- ச. மங்கையர்க்கரசி, ஹூஸ்டன்