துணியின் மறுமுனை

என் தங்கை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். கட்டடத்தின் அடித்தளத்தில், கட்டில் அகலத்துக்கு ஒரு நீராவி இயந்திரம். ஈரப் போர்வையைச் சுருக்கமில்லாமல் பரப்பி, மேல்தட்டை இறக்கி, ஆவி அடங்கும்வரை கைப்பிடியை விடாமல் நிற்க வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் துணி பழுப்பேறிவிடும். அவள் கையில் ஒரு துணிகூடக் கருகியதில்லை. அண்ணன் என்பதால் சொல்லவில்லை; அங்கே மேற்பார்வை பார்ப்பவரே சொல்வார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமான திருவருகைக் காலத்துக்குக் கோயில் பீடத்தில் விரிக்கும் ஊதாத் துணியைத் துவைத்துத் தேய்த்துக் கொடுப்பதும் அவள்தான். அம்மாவுக்குப் பின் அவளுக்கு வந்த வேலை. அதற்கு அம்மா வைத்த கட்டுப்பாடு ஒன்று உண்டு. யாரோடாவது பேச்சு நின்றுபோயிருந்தால், போய்ப் பேசிவிட்டுத்தான் அந்தத் துணியைத் தொட வேண்டும். பிறக்கப்போகிறவருக்கு முதலில் மனத்தில் இடம் ஒதுக்கு, பிறகு பீடத்தில் துணி விரி என்பாள் அம்மா. தங்கை ஒரு வருஷமும் தவறியதில்லை. கொடிக்கயிற்றுக்காகச் சண்டை பிடித்த பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை, "இந்த மாசம் வந்தா நீயே வந்து பேசிருவேன்னு தெரிஞ்சுதானே அந்தப் பேச்சு பேசினேன்," என்று சிரித்தாள்.

துணி நீளமானது, மடிக்க இரண்டு பேர் வேண்டும். மறுமுனையைப் பிடிப்பவள் தங்கையின் ஒரே மகள், எங்கள் குருவி. வேண்டுமென்றே வெடுக்கென்று இழுத்து அம்மாவைத் தடுமாற வைப்பாள். "கோயில் துணிடி, கழுதை," என்று இவள் அதட்டினால், "கழுதை மேலதானேம்மா மாதாவே பெத்லகேமுக்குப் போனாங்க," என்பாள்.

இந்த மழைக்காலத்தில் குருவிக்குக் காய்ச்சல் கண்டது. அதே ஆஸ்பத்திரியில் மாடி வார்டில் சேர்த்தோம். தேறி வருகிறாள் என்றார்கள். அந்தத் தைரியத்தில்தான் தங்கை வேலைக்கு இறங்கினாள். கீழே அவள் போர்வை தேய்த்துக்கொண்டிருந்தபோது, மேலே பிள்ளை போய்விட்டாள்.

அன்று வார்டில் இருந்தவள் எங்கள் கோயிலுக்கு வரும் நர்ஸ் பெண். தங்கை நடைவழியில் எல்லார் முன்னாலும் அவளைக் கேட்டாள்: "ஒரு போன் பண்ண உனக்குக் கை வரலையா? ரெண்டு மாடி இறங்கினா நான் இருக்கேன்." அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அதன்பின் பூசையில் அவள் ஒரு பக்கம் உட்கார்ந்தால் தங்கை மறுபக்கம்.

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நெருங்கியது. ஊதாத் துணி கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. இந்த வருஷம் வேறு யாரிடமாவது கொடுக்கலாமா என்று பங்குத்தந்தை தயங்கித் தயங்கிக் கேட்டார். சனிக்கிழமை வேலை விட்டு வந்த தங்கை, முகம் கழுவிக்கொண்டு, "கூட வாண்ணே. அவளை மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டு வந்துடறேன். அப்புறம் துணியை எடுக்கறேன்," என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் முழந்தாளிட்டு ஜெபத்தில் கிடந்ததை நான் பார்த்தவன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கதவைத் திறந்தது நர்ஸின் தாயார். தங்கை நின்றபடியே சொல்ல வந்ததைச் சொன்னாள். நர்ஸ் பெண் "சரிக்கா" என்றதோடு நிறுத்திக்கொண்டாள். தாயாருக்குத்தான் பொறுக்கவில்லை.

"யாரு யாரை மன்னிக்கிறது? என் பொண்ணு திரும்பத் திரும்ப போன் அடிச்சா. உங்க கூடத்துல யாரும் எடுக்கல."

"அம்மா, நீ சும்மா இரு."

அன்று சலவைக்கூடத்தில் போன் மணி அடித்தது தங்கைக்கு நினைவிருக்கிறது. போர்வை இன்னும் வரவில்லையே என்று ஸ்டோரிலிருந்து அந்த நேரத்துக்கு அடிப்பது வழக்கம். கூட வேலை செய்கிறவள் வெளியே போயிருந்தாள். தட்டு இறங்கியிருந்தது; விட்டுப் போனால் துணி கருகும். அடித்து ஓயட்டும் என்று இருந்துவிட்டாள்.

"இதை அன்னிக்கே ஏம்மா சொல்லல?" என்று நர்ஸ் பெண்ணைக் கேட்டாள்.

"பிள்ளையையும் குடுத்துட்டு இதையும் நீங்க சுமக்கணுமாக்கா? என்மேல கோவமாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்." பிறகு சொன்னாள்: "வார்டுல நான் ஒருத்திதான். ஓடி வந்திருப்பேன். பிள்ளை என் கையை விடல."

தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மன்னிப்புக் கொடுக்க வந்தவளிடம் கொடுக்க ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணின் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கையா?" என்றாள். பிறகு அந்த உள்ளங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிரும்மா," என்று சொன்னதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றே வீட்டுக்கு வந்து துணியை அலசி, அரை ஈரத்திலேயே தேய்த்தாள். கண்ணீர் விழுந்த இடங்களை மறுபடி மறுபடி தேய்க்க வேண்டியிருந்தது. எங்களோடு வந்திருந்த நர்ஸ் பெண், யாரும் கேட்காமலே எழுந்து மறுமுனையைப் பிடித்தாள். கோயில் துணியாயிற்றே என்று பயந்து பயந்து, மெதுவாகப் பிடித்தாள்.

எதிர்ப்புறம் என் தங்கை, வெடுக்கென்று ஒரு இழுப்பு வரும் என்று பழக்கத்தில் காலை ஊன்றிக்கொண்டு நின்றாள்.