என் பேத்தியின் மூச்சுக்குக் காவல் நின்ற ஜெபஷீலா சிஸ்டர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தலைச்சுமையாகத் திராட்சை விற்று, இன்று அனுமந்தன்பட்டியில் சொந்தத் தோட்டமும் இரண்டு லாரியும் வைத்திருக்கிறேன். பிச்சைமணி வருகிறான் என்றால் கம்பம் மார்க்கெட்டில் எழுந்து நிற்பார்கள். அப்பேர்ப்பட்ட என்னை வாசலிலேயே நிறுத்தியவர் ஜெபஷீலா சிஸ்டர். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தோதான ஆள் கிடையாது.

அவர் போடி டவுன் கடைவீதிப் பாத்திரக்கடைக்காரர் மகள். கல்லாவில் உட்காரச் சொன்ன அப்பாவோடு மல்லுக்கட்டி நர்சிங் படித்தவர். தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில், குழந்தைகள் ஐசியுவில் வேலை.

பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டாரென்று, திராட்சைக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் காலி கலர் சோடா பாட்டிலில் ஊற்றி வைத்தான் என் மகன் திலீபன். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். நாலு வயதுப் பேத்தி அனுஷ்கா அதைக் குடிக்கிற கலர் என்று நினைத்துவிட்டாள். தேனிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கையில் வாயெல்லாம் நுரை. தொண்டையில் குழாய் விட்டு மெஷினில் மூச்சுக் கொடுத்தார்கள். பிழைப்பாளா என்றேன். டாக்டர் மெஷினைப் பார்க்கத் திரும்ப உள்ளே போய்விட்டார்.

ஐசியு வாசலில் மறித்த சிஸ்டரிடம், உள்ளே விடச் சொல்லிச் சத்தம் போட்டேன்.

"நான் யாருன்னு தெரியுமா ஆத்தா?"

"தெரியும்யா. அனுஷ்காவோட தாத்தா. மோதிரத்தைக் கழட்டிட்டு, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

சோப்புப் போட்டு ஒரு மோதிரத்தைக் கழற்றினேன். மற்றது வரவில்லை, ஆசாரியிடம் போய் வெட்டிக்கொண்டு வந்தேன். உள்ளே போனால், சிஸ்டர் குழாயில் அடைக்கும் சளியை உறிஞ்சி எடுக்கிறார், டார்ச் அடித்துக் கண்ணைப் பார்க்கிறார், புரட்டிப் படுக்க வைக்கிறார். ஓயாமல் கழுவிக் கழுவி அவர் விரலெல்லாம் வெடித்திருந்தது.

அன்று சாயங்காலம் பக்கத்துக் கட்டில் பையன் தவறிவிட்டான். அவனைத் துடைத்து, தலைசீவி, தாயிடம் கொடுத்தார் சிஸ்டர். பிறகு முகம் கழுவிவிட்டு வந்து, எதுவும் நடக்காத மாதிரி அனுஷ்காவின் குழாயைப் பிடித்தார். எத்தனையோ கஷ்டத்தைத் தாண்டி வந்தவன் நான். என்னால் அது முடியாது.

திலீபன் சோறு தண்ணி இல்லாமல் சுவரில் சாய்ந்து கிடந்தான். அவனைத் திட்ட வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். திரும்ப வீட்டுக்குப் போகும்போது பிள்ளைக்கு அப்பா வேண்டுமாம்.

ஒரு வாரம் போனது. மெல்ல மெல்ல அனுஷ்கா தானாகவே மூச்சுவிட, குழாயை எடுத்தார்கள். கண் திறந்து முதலில் சிஸ்டரைத்தான் பார்த்தாள். ஊசி போட்ட ஆள் என்று எப்படித்தான் தெரிந்ததோ, கரகரத்த குரலில் அழுதாள்.

"இந்த அக்காவ அடி தாத்தா."

அங்கே சேர்ந்ததிலிருந்து சிஸ்டர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்று ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"இந்தத் திட்டை வாங்கத்தான்யா வேலைக்கே வர்றேன்."

எந்தப் பெரிய மனிதனுக்கும் குனியாதவன், அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அனுஷ்கா விடாமல் அடி அடி என்றாள். அவள் கேட்டு நான் செய்யாமல் விட்டது அது ஒன்றுதான்.