எந்தக் கூட்டத்து ரத்தம்

எங்கள் அக்கா அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் படிக்கையில் உங்களில் சிலருக்குக் கண் கலங்கும். சிலருக்கு முகம் சிவக்கும். இரண்டும் நடக்கட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அக்கா ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே எங்கள் தோட்டத்து வீட்டில் பிறந்தவர். அம்மா போன பிறகு தம்பி எனக்குத் தலை வாரிச் சோறு போட்டவர். வாத்தியார் என்னை அடித்தார் என்று பள்ளிக்கூடத்துக்கே வந்து அவரோடு சண்டை பிடித்தவர். ஆனால் வரப்பில் கொஞ்சம் வேகமாக நடந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். வேலைக்குச் சுணங்குகிறாள் என்றது வீடு. கல்யாணமாகி நாமக்கல் பக்கம் வாழப் போனார். அங்கேயும் அதே பேச்சு. பிள்ளை இல்லை என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. அத்தனையையும் கேட்டுக்கொண்டே அந்த வீட்டு எருமைகளையும் பருத்திக் காட்டையும் மூச்சிரைக்க மூச்சிரைக்கக் காப்பாற்றினார்.

பிறவியிலேயே அக்காவின் இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை இருந்தது. அது தெரிய வந்தபோது அவருக்கு வயது நாற்பதை ஒட்டியிருந்தது. சூரமங்கலத்தில் ரயில்வே ஆபீசில் வேலை பார்க்கும் நான்தான் வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இதயத்தைத் திறந்து தைக்கிற வித்தை நம் நாட்டுக்கு அப்போதுதான் வந்திருந்தது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். தைக்கிற நேரம் இதயம் ஓடாது. அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு மெஷின் பார்க்கும். உடம்பிலிருந்து கறுத்து வரும் ரத்தத்துக்கு அது பிராணவாயுவை ஏற்றிச் சிவக்கச் செய்து திருப்பி அனுப்பும். ஆனால் அந்த மெஷினை வெறுமனே உடம்போடு பூட்ட முடியாது. முதலில் அதைப் புது ரத்தத்தால் நிரப்ப வேண்டும். அன்று காலையிலேயே எடுத்ததாக, அக்காவின் வகையோடு சேர்வதாக, பல பாட்டில் வேண்டும்.

அக்கா கேட்டார்: "நம்ம கெணத்து மோட்டாருக்கு மொதல்ல தண்ணி ஊத்தி ரொப்பற மாதிரிங்களா?"

அதேதான் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு நாளும் குறித்துக் கொடுத்தார். என் ரத்தம் சேரவில்லை. உறவில் ஆட்களைக் கூட்டி வாருங்கள், சேருகிறவர்களிடம் எடுத்துக்கொள்வோம் என்றார். உறவுக்கு என்ன பஞ்சம் என்று நிம்மதியாக ஊர் திரும்பினேன்.

முதலில் எங்கள் பங்காளிகளிடம், அக்கா பிறந்த கூட்டத்தாரான எங்கள் குலத்தாரிடம், போனேன். எங்கள் பெரியப்பா அவர்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "கட்டிக் குடுத்த அன்னைக்கே அவ அந்தக் கூட்டமாயிட்டா சாமி. அவிய ஊட்டு ரத்தத்தப் போய்க் கேளு."

அக்காவைக் கட்டிய மச்சான் வீட்டில் போய்க் கேட்டேன். நம்மில் ஒரு கூட்டத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் அண்ணன் தங்கை முறை. அதற்குள் கல்யாணம் கிடையாது. மச்சானின் அண்ணார் அதைப் பிடித்துக்கொண்டார். "எங்க ரத்தம் அவ ஒடம்புல ஓடுனா அவ எங்க கூட்டத்துல பொறந்தவளாயிருவாளுங்க. அப்பறம் எந்தம்பி கூடப் பொறந்தவகூடவா குடும்பம் நடத்தறது?"

மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றுவரை அந்தத் தலை நிமிர்ந்து நான் பார்க்கவில்லை. அதே பதிலை அதே ஆட்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு இரண்டு ஊருக்கும் நடையாய் நடந்தேன். ஒரு கூட்டத்துக்கு அக்கா போய்விட்டவர். இன்னொரு கூட்டத்துக்கு வந்து சேராதவர். குறித்த நாள் கழிந்தது. அக்காவின் இடத்தில் வேறு யாரோ படுத்துப் பிழைத்துப் போனார்கள்.

ஆபரேஷனுக்கு மறுபடி தேதி கிடைக்க மாதக்கணக்கானது. அதற்குள் அக்காவின் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, சுவரில் சாய்ந்தே தூங்கும்படி ஆகிவிட்டது. ஆபீசில் எனக்கு எதிர் மேசை அருளப்பன். விஷயம் காதில் விழுந்ததும், ஏன் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்று என்னைத் திட்டினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலேயே ஆள் திரட்டினார். அவருடைய மச்சினன்மார், கோயில் பாட்டுக் குழுவினர், ரயில்வேயில் எடுபிடி வேலை பார்க்கும் ஒரு கலாசிக்காரர். என்ன சாதி, என்ன முறை என்று ஒருவரும் கேட்கவில்லை. ரயிலேறி வந்தார்கள். ரத்தவகை சேர்ந்தவர்கள் ஆபரேஷன் அன்று விடிந்ததும் கை நீட்டினார்கள். சேராதவர்கள் வராந்தாவில் ஜெபமாலை உருட்டினார்கள். அக்காவின் இதயம் நின்றிருந்த நேரமெல்லாம் சூரமங்கலத்து ரத்தம்தான் அந்த மெஷினுக்குள் காற்றை வாங்கி வாங்கி அவரை உயிரோடு வைத்திருந்தது.

ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஆனால் காத்திருந்த மாதங்களில் நுரையீரல் ரத்தக் குழாய்கள் இறுகிவிட்டன, முதலில் குறித்த நாளில் செய்திருந்தால் நெடுங்காலம் இருந்திருப்பார் என்றார் டாக்டர். பெரியப்பா அவர்களே, மச்சானின் அண்ணார் அவர்களே, இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

அக்கா அதற்குப் பிறகு மச்சான் வீட்டுக்குப் போகவில்லை. என் வீட்டில் இருந்தார். ஒருநாள் பெரியப்பா ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, சௌக்கியமா சாமி என்று விசாரித்தார்.

"சௌக்கியமுங்க பெரியப்பா. இப்ப நான் உங்க கூட்டமும் இல்லீங்க, அவிய கூட்டமும் இல்லீங்க. சூரமங்கலத்துக் கூட்டமுங்க. ஏனுங்க, நீங்க தொட்ட பழத்த நாங்க திங்கலாமுங்களா?"

பெரியப்பா பழத்தை எடுத்துக்கொண்டே போனார். அக்கா இருமும்வரை சிரித்தார். அப்படி இரண்டு பொங்கல் வாழ்ந்தார். பிறகு மூச்சு ஒவ்வொரு படியாக இறங்கி, சென்ற ஆண்டு என் மடியில் நின்றது.

இறந்தவர் மேல் தாய்வீட்டுக் கோடிச் சேலை போர்த்தும் உரிமை எனக்கு. அந்தச் சேலையை அருளப்பன் கையில் கொடுத்தேன். சாவுக்கு வந்தவர்கள் சலசலத்தார்கள். கொண்டு வந்த கோடியோடு முன்னால் வந்தார் பெரியப்பா. "வேத்தாளு கோடியிலயா எம்பட புள்ளைய அனுப்பற?"

"வேத்தாளு நீங்கதானுங்க. நகருங்க."

மச்சான் வீட்டார் கொண்டு வந்ததையும் மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தேன். அருளப்பன் போர்த்திய சேலையோடுதான் அக்கா போனார்.

ரத்தம் தந்த சூரமங்கலத்து அண்ணன் தம்பிகளுக்கும், ஆஸ்பத்திரியில் மெஷினை ஓட்டிய முகம் தெரியாத மனிதருக்கும், டாக்டருக்கும் எங்கள் வீடு தலைமுறைக்கும் கடன்பட்டது. நினைவு நாளன்று முதல் பந்தி அவர்களுக்கு. இரண்டு கூட்டத்துப் பெரியவர்களுக்கும் இந்த மலரைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டு அவரவர் வீட்டிலேயே இருந்துகொள்ளுங்கள். இங்கே உங்களுக்கு இலை போடவில்லை.